ஸ்வதன் ஏன் மூடப்பட்டது?

யுபிஐயில் நிமிஷத்தில் ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு இது கதை மாதிரி இருக்கும். 2000 வாக்கில் பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்மவர்களுக்குத் தெரியும். சம்பளம் ஒரு பேங்கில் விழும், ஊர் பஸ் ஸ்டாண்டில் இருப்பதோ வேறு பேங்கின் ஏடிஎம். கார்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு (விதிப்படி கூடாது, பேங்க்காரனாகச் சொல்லிவிடுகிறேன் :-)). கார்டு இருந்தும் பணம் எடுக்க முடியாது.

பொது ஏற்பாடு இல்லாமல் இல்லை. 1997-இல் இந்திய வங்கிகள் சங்கம் 'ஸ்வதன்' என்ற கூட்டு ஏடிஎம் வலையமைப்பைத் தொடங்கியது. நடத்தியது இந்தியா ஸ்விட்ச் கம்பெனி. நஷ்டம். ஒப்பந்தம் முடிந்ததும் எடுத்து நடத்த ஆள் கிடைக்காமல் 2003 டிசம்பர் 31-இல் மூடிவிட்டார்கள்.

பி.காம். படித்தவன் கண்ணுக்கு, கோளாறு மெஷினில் இல்லை. நூறு ஏடிஎம் வைத்திருக்கிற பேங்க், பத்து வைத்திருக்கிற பேங்கோடு ஏன் சேரவேண்டும்? தன் செலவில் போட்டிக்காரனுக்குக் கடை விரித்துக் கொடுத்த மாதிரிதானே! பெரியவன் சேராவிட்டால் சின்னவனுக்கும் அதில் லாபமில்லை.

பிறகு தேர்தல் நேரம் போலக் கூட்டணிகள். பேங்க் ஆஃப் இந்தியா, யூனியன், இந்தியன், சிண்டிகேட் எல்லாம் 'கேஷ்ட்ரீ'. சிட்டிபேங்க், யுடிஐ பேங்க் வகையறா 'கேஷ்நெட்'. நம்ம ஊர் கனரா தனியாக ஒன்று. "சார், இந்தக் கார்டு கும்பகோணத்துல வேலை செய்யுமா?" என்று கவுண்டரில் கேட்பார்கள். அங்கே எந்தக் கூட்டணி மெஷின் என்று தெரிந்தால்தானே சொல்ல!

2004 ஆகஸ்ட் 27-இல் ரிசர்வ் வங்கி நிறுவிய ஹைதராபாத் ஐடிஆர்பிடி, தேசிய நிதி ஸ்விட்சைத் தொடங்கியது. முதலில் மூன்றே வங்கிகள்: கார்ப்பரேஷன், பரோடா, ஐசிஐசிஐ. நடுவில் இருப்பவர் ஏடிஎம் வியாபாரத்தில் போட்டியாளர் இல்லை. என்னைக் கேட்டால் பாதி வெற்றி அதில்தான். மீதி, கட்டணக் கணக்கு. கார்டு கொடுத்த வங்கி, மெஷின் வைத்த வங்கிக்கு ஒவ்வொரு முறையும் பணம் தரவேண்டும். வெகுநாள் 15 ரூபாய், 2021-இல் 17, 2025 மே முதல் 19. அடுத்தவன் வாடிக்கையாளர் வந்தால் இப்போது வரவு!

2009 ஏப்ரல் 1 முதல் பிற வங்கி ஏடிஎம்மில் எடுக்க வாடிக்கையாளரிடம் கட்டணம் கூடாது என்றது ரிசர்வ் வங்கி (அக்டோபரிலேயே மாதம் ஐந்து முறை என்று வரம்பு வந்துவிட்டது, அது வேறு விஷயம்). அந்த டிசம்பரில் ஸ்விட்ச் என்பிசிஐ கைக்குப் போனபோது 37 வங்கிகள், சுமார் 50,000 ஏடிஎம்கள். அதே என்பிசிஐதான் 2016-இல் யுபிஐ கொண்டுவந்தது.

கேஷ்ட்ரீயில் இருந்த சிண்டிகேட்டும், தனிக்கூட்டு வைத்த கனராவும் 2020 ஏப்ரல் 1 முதல் ஒரே வங்கி.