இரண்டு பேர் இருக்கும் எழுத்து

சீனத்தில் ‘ரென்’ என்றொரு சொல் உண்டு. அதன் எழுத்தில் ஒரு பக்கம் மனிதன், மறுபக்கம் இரண்டு என்ற எண். எதிரில் நிற்பவரின் வலியையும் தன் வலியாக உணர்வதே அதன் பொருள். கன்ஃபூசியஸின் அறத்துக்கு அச்சாணி அதுதான்.

1947 ஜூனில் நியூயார்க்கை அடுத்த லேக் சக்சஸில், எலினோர் ரூஸ்வெல்ட் தலைமையில், மனித உரிமைப் பிரகடனத்தை எழுத ஐ.நா. குழு கூடியது. மனிதரை மனிதராக்குவது பகுத்தறிவு என்று சொன்னது பிரெஞ்சுக்காரர் ரெனே காசாங்கின் வரைவு. அறிவு மட்டும் போதாது என்றார் சீனப் பிரதிநிதி பி.சி. சாங். ‘ரென்’னை எடுத்து வைத்தார். ஆங்கிலத்தில் அதற்குச் சரியான ஈடு கிடைக்கவில்லை. கடைசியில் மனச்சாட்சியைக் குறிக்கும் சொல் முதல் பிரிவில் ஏறியது. ‘எல்லா ஆண்களும்’ என்றும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை ‘எல்லா மனிதர்களும்’ என மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா.

ஒழுக்க அளவுகோல்கள் அந்தந்தப் பண்பாட்டில் விளைபவை, மேற்கின் அளவுகோலை உலகின்மேல் சுமத்தாதீர்கள் என்று அமெரிக்க மானிடவியல் சங்கம் அதே ஆண்டு எச்சரித்தது. காலனியாட்சிகள் இன்னும் முடியாத காலம் அது. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது.

அப்படியானால் அறத்தின் வேர் எது? 1948-இல் பாரிஸில், அந்த முதல் பிரிவில் கடவுளைச் சேர்க்கச் சொன்னது பிரேசில். சாங் மறுத்தார், பிரேசிலும் விட்டுக்கொடுத்தது. ‘இயற்கையால்’ என்ற சொல்லும் நீங்கியது. பகுத்தறிவும் மனச்சாட்சியும் எங்கிருந்து வந்தன என்று காரணம் சொல்லாமலே முதல் பிரிவின் வாக்கியம் பிறந்தது.

டிசம்பர் 10 அன்று பிரகடனத்தின் மீதான வாக்கெடுப்பில் ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, விலகியவை 8. சவூதி அரேபியாவும் சோவியத் அணியும் விலகின. தென்னாப்பிரிக்காவும் விலகியது. நிறவெறியைக் கொள்கையாகவே கொண்ட கட்சி அங்கு ஆட்சியேறி ஏழு மாதம்கூட ஆகவில்லை. அறம் அவரவர் ஊர் வழக்கம் மட்டுமே என்றால், அந்த ஆட்சியைத் தவறு என்று சொல்ல வெளியிலிருந்து ஒருவருக்கும் வாய் இருந்திருக்காது. இதனால்தான், காரணத்தை எழுதாமல் விட்டதை நான் கோழைத்தனமாக எண்ணவில்லை. வேரைப் பற்றி ஒத்துப்போகாதவர்களும் அநீதியைப் பார்த்ததும் அநீதி என்று சொல்ல அது இடம் தந்தது.

தமிழாக்கத்திலும் மனச்சாட்சிதான். எனக்குப் பிடித்த சொல். ஆனால் அதில் சாட்சி சொல்வது தன் மனம் மட்டுமே. சாங் கொண்டுவந்த எழுத்தில் இருந்த இரண்டாமவர் வழியில் எங்கோ இறங்கிவிட்டார்.