கடல் கடந்த நாணயம்



நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. கையிலெடுத்து எண்ணுகின்ற காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கின்ற பண்பும் நாணயம். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் நம் முன்னோர் வழங்கியது எத்துணைப் பொருத்தம் என்பதை, தாய்நாட்டை விட்டுப் புறப்பட்ட பயணி நன்கறிவான். அவனுடைய முதலாவது நாணயம் ஊரிலேயே கிடக்கும். இரண்டாவது நாணயம் கடல் கடந்து சென்றாலன்றி அவன் வயிறு நிறையாது.

ஊரிலே வயலும் வீடும் வங்கிக் கணக்கும் உடைய ஒருவன், அயல்நாட்டுத் தெரு ஒன்றிலே கைப்பொருள் தீர்ந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஏழையல்லன். ஆயினும் அன்றைய உணவுக்கு அவன் ஏழையே. பொன்னைச் சுமந்து சென்றிருக்கலாமே எனின், பொன் உள்ள இடத்திலே கள்வர் பயம் உண்டு. கப்பல் கவிழ்ந்தால் பொன்னும் உடன் மூழ்கும். வேற்றூரில் அதனை மாற்றப்போனால் நாணயமாற்றுக்காரன் தன் பங்கை எடுத்துக்கொள்வான். ஆகவே, பணத்தைச் சுமக்காமலே பணத்தைக் கொண்டுசெல்லும் வழி யாது என்பதே பயணிகளைப் பன்னெடுங்காலமாக வாட்டிவந்த வினா. அதற்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பதினோராம் நூற்றாண்டிலே நாசிர் குஸ்ரோ என்னும் பாரசீகப் புலவர் ஏழாண்டுக்காலம் நாடுகள் பல சுற்றினார். தாம் கண்டவற்றை ஒரு பயண நூலாகவும் எழுதிவைத்தார். 1050-ஆம் ஆண்டளவில் எகிப்திலிருந்து மக்காவுக்குச் செல்லும் வழியில், நைல் நதிக்கரையிலுள்ள அஸ்வான் நகரிலே அவருக்கு ஒரு நண்பர் வாய்த்தார். நாசிர் புறப்பட்ட வேளையிலே, செங்கடல் துறைமுகமாகிய ஐதாபில் இருந்த தம் முகவருக்கு அந்நண்பர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இவர் வேண்டுவதைக் கொடுத்து இவரிடம் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்க என்பதே அதன் கருத்து.

ஐதாபிலே காற்று வாய்க்கவில்லை; கப்பல் புறப்படவில்லை. மூன்று மாதம் கழிந்தது. கையிலிருந்ததெல்லாம் செலவாயிற்று. வேறு வழியின்றி நாசிர் அக்கடிதத்தை முகவரிடம் நீட்டினார். முகவர் முகஞ் சுளிக்கவில்லை. கடிதம் எழுதியவரின் பொருள் தம்மிடம் நிறைய இருக்கிறது என்று கூறி, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். நாசிர் பெற்றுக்கொண்டது என்ன தெரியுமா? பொன்னன்று, வெள்ளியன்று, நூறு 'மன்' நிறையுள்ள மாவு. பாலைவனத்தின் ஓரத்திலே கிடந்த அத்துறைமுகத்தில் மாவுக்கு மிஞ்சிய செல்வம் ஏது? பற்றுச்சீட்டு அஸ்வானுக்குப் போயிற்று. நாசிர் ஐதாபை விட்டுப் புறப்படுமுன்பே, அவர் எவ்வளவு கேட்டாலும் கொடுக்கும்படி மறுமொழியும் வந்து சேர்ந்தது. மனிதர்க்கு மனிதர்மேல் நம்பிக்கை உண்டு என்பதைப் படிப்போர் அறியவேண்டுமென்றே இதனை எழுதிவைத்ததாக அவர் குறிப்பிடுகின்றார்.

இக்கதையிலே நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அஸ்வானிலிருந்து ஐதாபுக்குக் காசு எதுவும் செல்லவில்லை. சென்றது ஒரு பெயர் மட்டுமே. அப்பெயருக்கு அங்கே மதிப்பிருந்தது. அதனால் மாவு கிடைத்தது.

இந்த உபாயம் ஒரு நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. அராபிய வணிகர் இத்தகைய கடிதத்தைச் 'சுப்தஜா' என்றனர். சீனத்திலே தாங் வமிசத்தார் காலத்தில் வழங்கிய சீட்டைப் 'பறக்கும் பணம்' என்றனர். சிலுவைப்போர்க் காலத்தில், ஐரோப்பாவிலே தம்மிடம் வைப்புச் செய்த பொருளுக்கு ஈடாகப் புனித நாட்டிலே பணம் கொடுக்கும் ஏற்பாட்டை டெம்பிளர் என்னும் வீரத்துறவியர் நடத்தினர்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே ஆங்கிலச் செல்வர் தம் மைந்தரைக் கல்விப் பயணமாக ஐரோப்பாவெங்கும் அனுப்பலாயினர். அவர்கள் கொண்டுசென்ற கடன்கடிதம் குறித்த சில நகரங்களிலே, குறித்த வங்கியாளரிடமே செல்லும். பாதை மாறினால் பயனில்லை. இக்குறையைக் கண்ட றொபட் ஹெரீஸ் என்னும் வங்கியாளர், 1772-ஆம் ஆண்டில் இலண்டனிலே சுற்றுச்சீட்டுகளை வெளியிட்டார். அவை ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலே மாற்றத்தக்கவை. இத்தகைய சீட்டுகளோடு, பயணியின் கையொப்பம் தாங்கிய அடையாளக் கடிதமொன்றும் கொடுக்கப்படுவது வழக்கமாயிற்று. சீட்டை ஒரு பையிலும் கடிதத்தை வேறொரு பையிலும் வைத்துக்கொள்ளவேண்டும். இரண்டும் ஒரே கள்வன் கையிற் சிக்கினால் கதை முடிந்தது.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளின் பின்னர், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் பார்கோ ஐரோப்பாவிலே பயணஞ் செய்தார். பெருநகரங்களைத் தாண்டியதும் அவருடைய கடன்கடிதத்தை ஏற்பார் இல்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவருக்கே இக்கதியெனின், சாதாரணப் பயணியின் நிலை என்னாவது? அவர் நாடு திரும்பியதன் பயனாக, மார்செலஸ் பெரி என்னும் அலுவலர் 1891-ஆம் ஆண்டிலே பயணிகள் காசோலையை அமைத்தார். அதன் நுட்பம் மிக எளிது. வாங்கும்போது ஒரு கையொப்பம். மாற்றும்போது, மாற்றிக் கொடுப்பவன் கண்முன்னே மற்றொரு கையொப்பம். இரண்டும் ஒத்திருந்தாற் போதும். அடையாளக் கடிதம் சீட்டின் முகத்திலேயே ஏறிவிட்டது.

ஆனால் தாள் எவ்வளவு நுட்பமாயிருப்பினும், அதன் பின்னே நிற்கும் நம்பிக்கை தளர்ந்தால் அது வெறுந்தாளே. 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவிலே போர் மூண்டபோது, வங்கிகள் பல கதவடைத்தன. ஊரிலே இலட்சாதிபதிகளாய் இருந்த அமெரிக்கர், விடுதிக் கட்டணத்துக்கு வழியின்றித் தவித்தனர். ஈற்றில் அமெரிக்க அரசு 'டெனசி' என்னும் போர்க்கப்பலிலே பொன்னை ஏற்றி அனுப்பவேண்டியதாயிற்று. தாள் தோற்ற வேளையிலே, பழைய பொன்னையே கடல் கடந்து சுமக்க நேர்ந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்புச் செட்டியார் தெருவின் பெயரே ஒரு வரலாற்றைச் சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கே கடை வைத்தனர். இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சென்னை எனத் துறைமுகங்கள் பலவற்றிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டே உண்டியல். கொழும்பிலே பணத்தைக் கட்டி உண்டியலைப் பெற்றவர், சென்னையிலோ இரங்கூனிலோ அதனைக் காட்டிப் பணம் பெறலாம். கண்டவுடன் பணங் கொடுக்கவேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துக் கொடுக்கவேண்டியது தவணை உண்டியல். ஒவ்வொரு கடைக்கும் 'விலாசம்' எனப்படும் முதலெழுத்து வரிசை ஒன்று உண்டு. அவ்வெழுத்துகளே அதன் முத்திரை. அவ்வெழுத்துகளே அதன் மானம்.

அந்த நம்பிக்கைக்கும் சோதனை வந்தது. 1925-ஆம் ஆண்டிலே கொழும்பில் செட்டிமார் கடைகள் முறிவுற்றன. அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஐரோப்பிய வங்கிகள் கையைச் சுருக்கின. உள்ளூர் வணிகர் கடனுக்கு அலைந்தனர். சேர் சொராப்ஜி போச்கானாவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு 1934-இல் அறிக்கை தந்தது. 1939-இல் இலங்கை வங்கி தோன்றியது. சுதந்திரத்தின் பின்னர், 1953-ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்நியப் பணத்துக்கு வேலியிட்டது. ஒரு காலத்தில் மதிப்புக்குரிய பத்திரமாயிருந்த உண்டியல், பின்னர் மறைவிலே நடக்கும் தொழிலின் பெயராயிற்று. சொல் ஒன்றே, அதன் தகுதி மாத்திரம் இறங்கிவிட்டது.

அண்மைக் காலத்திலும் நாம் இப்பாடத்தைக் கற்றோம். 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, ஒரு டொலருக்கு வங்கி கொடுத்தது ஏறக்குறைய 203 ரூபா; உண்டியற்காரர் கொடுத்ததோ அதனினும் மிகுதி. வெளிநாட்டு உழைப்பாளர் வங்கிவழி அனுப்பிய பணம் 2020-இல் 710 கோடி டொலராக இருந்து, 2021-இல் 549 கோடியாகக் குறைந்தது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிக்கடனைத் தீர்க்க இயலாதென அறிவித்தது.

அந்நாட்களில் எம் பாடசாலையின் பழைய மாணவன் ஒருவனுடைய தந்தையார் என்னைக் காண வந்தார். மகன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலே படித்துக்கொண்டிருந்தான். காணியை விற்ற பணம் வங்கியிலே இருந்தது. அனுப்புவதற்கோ டொலர் இல்லை. "காசு இருக்குது ஐயா, ஆனா பிள்ளைக்குப் போய்ச் சேருதில்லை" என்றார். நான் அவருக்குச் சொல்லக்கூடிய வழி ஒன்றும் இருக்கவில்லை. சில கிழமைகளின் பின் மீண்டும் வந்தார். அவ்வூரிலே குடியிருந்த நம்மவர் ஒருவர் மகனுடைய கட்டணத்தைக் கட்டிவிட்டாராம்; நாடு சீரடைந்த பின் திருப்பித் தந்தாற் போதுமென்றாராம். எழுத்தும் இல்லை, வட்டியும் இல்லை. கேட்டபோது, ஐதாபிலே மாவு பெற்ற பாரசீகரே என் நினைவுக்கு வந்தார்.

இன்று பயணியின் சட்டைப்பையிலே சிறு அட்டையொன்று இருக்கிறது. நள்ளிரவிலும் சுவரிலுள்ள இயந்திரம் அவனுக்கு அயல்நாட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறது. நல்ல வசதி, மறுப்பார் இல்லை. ஆயினும் அந்த இயந்திரத்தின் பின்னாலும் ஒரு வங்கியின் பெயரும், அவ்வங்கியின் பின்னால் ஒரு நாட்டின் பெயரும் நிற்கின்றன. அப்பெயர் கெட்ட நாளிலே, நாம் ஊரிலே சேர்த்த பணம் நம் பிள்ளைக்குப் போய்ச் சேராது. தனி மனிதனாயினும் தேசமாயினும், கடல் கடந்து செல்லத்தக்க செல்வம் நல்ல பெயர் ஒன்றே. அதனைச் சேர்க்கத் தலைமுறைகள் வேண்டும். இழக்க ஒரு பருவம் போதும்.