நெடுநல்வாடை யாழும் குற்றாலச் சாரலும்

கூதிர்க்காலத் தண்மையால் யாழ் நரம்பின் இன்னொலி திரிந்தது. ஆடல் மகளிர் தம் மார்பின் வெம்மையால் அந்நரம்பைத் தடவிச் சீறியாழைப் பண்ணுக்கு இயைய நிறுத்தினர். நெடுநல்வாடையுள் நக்கீரர் கூறும் இச்செய்தியை இன்பச்சுவை பற்றிய புனைந்துரை எனக் கொள்வாரும் உளர். இசைக்கருவியை ஈரத்தினின்று காக்கும் தொழிலறிவுக்கு இது பழஞ்சான்று என்பது எம் கருத்து.

இதனைத் தெளிதற்குத் தென்காசிப் பகுதியின் இயற்கை பெரிதும் துணைபுரிகின்றது. ஆனி, ஆடி, ஆவணித் திங்கள்களில் மேல்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து குற்றாலத்தில் சாரலைத் தூவும். அந்நாள்களில் அடுக்களை உப்பு நீர்க்கும். கதவு பருத்து நிலையைப் பற்றும். மத்தளத் தோல் தளர்ந்து ஒலி மங்கும். நக்கீரர் பாடியது ஐப்பசி கார்த்திகைக் கூதிர். காற்றும் திங்களும் வேறாயினும் நுண்துளியின் செயல் ஒன்றே.

இத்தகைய நிலத்தில் பியானோவை வைத்துக் காத்தல் அரிது. கி.பி. 1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோபொரி என்பார் ஆக்கிய அக்கருவி, இன்று 88 கட்டைகளும் இருநூற்றுக்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகளும் உடையது. கம்பிகளின் ஒலியைப் பெருக்குவது மெல்லிய மரத்தாலாகிய ஒலிப்பலகை. காற்றில் ஈரம் மிகின் பலகை பருத்து மேலெழும். கம்பியின் இழுப்பு மிக்குச் சுருதி ஏறும். வறட்சியில் பலகை சுருங்கச் சுருதி இறங்கும். வறட்சி மிகின் பலகை வெடித்தலும் உண்டு. எனவே சுருதி கெடுதற்குத் தலையாய காரணம் குளிரன்று, காற்றின் ஈரப்பத மாறுபாடேயாம். அவ்வீரப்பதம் ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காட்டளவில் மாறாது நிற்றல் நன்று. ஆதலின் கருவியைச் சாளரத்தினின்று விலக்கி வைப்பர். ஈரம் மிகும் இடங்களில் அதனுள்ளே மென்சூடு தரும் மின்கோலை அமைத்து, ஈரத்திற்கேற்ப அது தானே இயங்கி நிற்கச் செய்வர். அடுப்பருகே வைத்தலைக் கடிந்து விலக்குவர்.

இனி யாழை நோக்குவாம். மரத்தாலாகிய பத்தரும், அதன்மேற் போர்த்த தோலும், முறுக்கிய நரம்பும் ஈரத்தை ஏற்பனவே. பியானோவின் பலகை ஈரத்தால் எழும். யாழின் தோலோ தளரும். மாறும் முறை வேறு, காரணம் ஒன்று. நக்கீரர் குறிக்கும் தண்மை வறண்ட குளிர் அன்று என்பதற்குப் பாட்டே சான்றாகும். யாழைக் கூறுதற்குச் சற்று முன்னரே அவர் துவலை தூவுதலைக் கூறுகின்றார். அதனால் மாந்தர் தண்ணீரை வெறுத்துத் தடவின் நெருப்பை நுகர்ந்தனர் என்கின்றார். துவலை என்பது நுண்துளி. குற்றாலத்தார் சாரல் என்பதும் அதுவே.

ஈண்டு உய்த்துணரத்தக்கது ஒன்றுண்டு. நெருப்புத் தடவைப் பாடிய புலவர், அதற்கு அடுத்தே யாழைப் பாடுகின்றார். ஆயினும் யாழ் நெருப்பிற் காய்ச்சப்பட்டதாகக் கூறிற்றிலர். உடல் வெம்மையையே கூறினார். என்னை? நெருப்பின் கடுஞ்சூடு தோலை வெடிப்பிக்கும். நரம்பை முறுகச் செய்யும். உடலின் சூடோ மெல்லியது, அளவு கடவாதது. பியானோவினுள் மின்கோல் செய்யும் பணியை அன்று உடல் வெம்மை செய்தது.

இவ்வறிவு ஒரு பாட்டோடு நின்றதன்று. இசைவாணர் தம் கருவிகளைப் பையிலிட்டுக் கட்டிச் சென்றமையை மலைபடுகடாம் கூறும். சீவகசிந்தாமணியில், நீரில் நின்று இளகிய மரத்தாற் செய்த யாழைச் சீவகன் வேண்டாவென விலக்குகின்றான். மரத்தைத் தேர்தல், உறையிட்டுக் காத்தல், திரிந்தவழி மென்சூட்டால் திருத்தல் என்னும் மூன்றும் இவற்றால் புலனாகும்.

யாழ் நம்மிடை வழக்கொழிந்தது. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூல் அதன் இசையிலக்கணத்தை மீட்டளித்தது. அக்கருவியைப் பேணிய கையறிவோ நூலாக எழுதப்படாது பாட்டினுள் மறைந்து கிடக்கின்றது. இன்பச்சுவை எனக் கொண்டு இத்தகைய இடங்களைக் கடந்துசெல்லின் அவ்வறிவை இரண்டாம் முறையும் இழந்தவராவோம். பாட்டைக் கற்பார் தொழிலையும் உடன்வைத்துக் கற்றல் வேண்டும் என்பது இதனாற் போந்த பொருளாகும்.