கம்பியின் மறுபாதி: கார் வானொலி ஏற்பில் தகரத்தின் பங்கு

கார் ரேடியோ கரகரத்தால் பழி ஆன்டெனா கம்பியின் மேல் விழுகிறது. நீளமான கம்பி, இல்லையேல் பூஸ்டர் என்பது கடைவீதி வைத்தியம். தெளிவான ஏற்பைத் தீர்மானிப்பவை கம்பி நிற்கும் இடமும், வண்டித் தகரத்தோடு அதற்குள்ள எர்த் இணைப்புமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பண்பலையில் சிக்கல் குறைவு. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர், வண்டியில் நிறுத்தக்கூடிய நீளம். ஆனால் கால் அலைக் கம்பி தனித்து இயங்குவதில்லை. தகரமே அதன் மறுபாதி. கூரை நடுவில் வைத்தால் நாற்புறமும் ஏறக்குறைய ஒரே சீராக வாங்கும். ஓரத்துக்குத் தள்ளினால் வண்டி திரும்பும்போதெல்லாம் நிலையம் மங்கித் தெளியும்.

மத்திய அலையின் கதை வேறு. 1000 கிலோஹெர்ட்ஸில் கால் அலையே 75 மீட்டர். அங்கே கம்பி ஒரு குட்டி மின்தேக்கி போலத்தான் நடந்துகொள்கிறது. அதன் தேக்குத்திறன் 10 பிக்கோஃபாரட், கேபிளும் ரேடியோ உள்ளீடும் சேர்ந்து 90 என்று கொண்டால், கம்பியில் எழும் மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கே ரேடியோவை எட்டும். கார் ஆன்டெனா கேபிளை அறுத்துப் பார்த்தால் மயிரிழை போன்ற நடுக்கம்பி பிளாஸ்டிக் குழாய்க்குள் நெளிந்து கிடக்கும், மிச்சமெல்லாம் காற்று. தேக்குத்திறனைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. அந்த இடத்தில் மிஞ்சிய டிவி கேபிளை ஒட்டுப்போடுவது சிக்கனமல்ல.

சுறாத்துடுப்பு ஆன்டெனாவை ஆதரிப்போர், அடியிலேயே பெருக்கி இருப்பதால் கேபிள் இழப்பு பொருட்டல்ல என்பர். உண்மைதான். ஆனால் பெருக்கிக்குப் பாட்டும் இரைச்சலும் ஒன்றே. ஒலிபரப்புக் கோபுரத்தின் அருகில் வலுத்த அலைகள் அதைத் திணறடித்தால், இல்லாத அலைவரிசையிலும் நிலையம் பேசும். துடுப்பு அழகுக்காகச் செய்த சமரசம் என்றே கருதுகிறேன்.

எர்த்துக்கு வருவோம். ஆன்டெனாவின் அடிநட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் தகரத்துக்கும் வாஷருக்கும் இடையே பெயின்ட்டோ துருவோ இருக்கும். தொடர்பு அறுந்ததும் கேபிளின் பின்னல் உறை காப்பாக இராமல் தானே ஓர் ஆன்டெனாவாகிறது. அதுவும் டாஷ்போர்டுக்கு அடியில், வண்டியின் மற்ற வயர்களுக்கு நடுவே. சோதனை எளிது. இன்ஜினை ஓடவிட்டு, நிலையமில்லாத இடத்தில் மத்திய அலையை வைத்து, ஆன்டெனா பிளக்கைப் பிடுங்க வேண்டும். இரைச்சல் நின்றால் அது ஆன்டெனா வழி வந்தது. நிற்காவிட்டால் பெரும்பாலும் பேட்டரி வயர் வழி. இரண்டாவது வகைக்கு எந்த ஆன்டெனாவும் மருந்தல்ல.

மின்கார்களில் இந்த வரம்பு இன்னும் வெளிப்படை. இன்வெர்ட்டரின் இரைச்சல் மத்திய அலையிலேயே வந்து விழுகிறது. புதிய கார்களிலிருந்து அந்த அலைவரிசையை நீக்க முனைந்த ஃபோர்டு, எதிர்ப்பு எழுந்ததும் 2023 மே மாதம் பின்வாங்கியது. அதைத் தக்கவைக்கும் வேலை கூரையில் தொடங்குவதில்லை. இன்வெர்ட்டரின் உலோகப் பெட்டியிலும் மோட்டார் கேபிளின் உறையிலும் தொடங்குகிறது.