குருதி உண்ணும் பேயும் கதைத்தலைமையும்: பரணி முதல் வேதாளக் கதை வரை

ஆய்வுச் சுருக்கம்

குருதி குடிக்கும் பேயுருவைக் கதைத்தலைவனாகக் கொள்ளும் புனைவு அண்மைக்கால மேலை நாட்டு நகர்ப்புற மிகைப்புனைவின் கண்டுபிடிப்பாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ் மரபிலோ குருதி உண்ணும் பேய் தொடக்கம் முதலே எளியதாகவும், பசித்ததாகவும், பேசும் உரிமை பெற்றதாகவும் படைக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியப் புறத்திணை, காரைக்கால் அம்மையார் பாடல்கள், கலிங்கத்துப்பரணி, வேதாளக் கதை, நாட்டார் வழிபாடு ஆகியவற்றின் வழி இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பேய், பரணி, வேதாளம், காட்டேரி, காவல் தெய்வம், மிகைப்புனைவு.

முன்னுரை

1819இல் வெளிவந்த ஜான் பொலிடோரியின் கதையில் குருதி குடிப்பவன் ஒரு பிரபு. 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' புதினத்திலும் அவன் கோட்டையும் நிலமும் உடைய கோமகன். எளியோரின் குருதியில் வாழும் செல்வனாகவே 19ஆம் நூற்றாண்டு அவனைக் கண்டது. 1976இல் ஆன் ரைஸ் எழுதிய புதினத்தில் அவனே தன் கதையைச் சொல்லத் தொடங்கினான். அதன்பின் பெருகிய நகர்ப்புற மிகைப்புனைவுகளில் வலிமையற்ற, நகைப்புக்கு இடமான, எவரும் எதிர்பாராத ஒருவன் குருதி குடிப்பவனாகவும் கதைத்தலைவனாகவும் வருவது வழக்கமாயிற்று. கோமகனிடமிருந்து எளியவனை நோக்கி அம்மரபு நகர்ந்துள்ளது. தமிழ் மரபோ எளியவனிடமிருந்தே தொடங்குகிறது. இவ்வேறுபாட்டைக் காணாது, 'இரத்தக் காட்டேரி' என்னும் ஒரு சொல்லால் இரு மரபுகளையும் ஒன்றாக்குவது தமிழ்ப் பேயின் வரலாற்றை மறைத்துவிடும்.

புறத்திணையில் பேய்

தொல்காப்பியம் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகப் பேய்ப்பக்கத்தைக் கூறுகிறது. போர்க்களத்தில் புண்பட்டு வீழ்ந்தவனைக் காக்கச் சுற்றத்தார் இல்லாத நிலையில், பேயே அவனைக் காத்து நிற்பதாக உரைமரபு இத்துறையை விளக்குகிறது. அதே திணையில் தொடாக்காஞ்சி என்னும் துறையும் உண்டு. அதில் புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காக்கிறாள். ஒரு துறையில் காவலாக நிற்பது, மற்றொரு துறையில் விலக்கப்பட வேண்டியதாகிறது. பேயை முற்றிலும் தீயதாகக் கொள்ளாத இந்த இருநிலைப் பார்வையே பிற்கால வளர்ச்சிக்கு அடிப்படை எனலாம்.

பக்தி இலக்கியத் தொடக்கத்தில் காரைக்கால் அம்மையார் தம்மைக் 'காரைக்காற் பேய்' என்றே குறித்துக்கொண்டார். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் ஆடும் இறைவனைக் காணும் உரிமை, அழகும் இல்லறமும் துறந்த பேயுருவுக்கே வாய்க்கிறது. சமூகம் அஞ்சி ஒதுக்கும் உருவத்தை விரும்பி ஏற்பதன் வாயிலாக அவர் பெறுவது ஒரு குரல். பேய் பிறரால் பாடப்படும் பொருளாக மட்டும் நில்லாது, பாடும் தன்மையையும் இங்கு எய்துகிறது.

கலிங்கத்துப்பரணி: பசித்தோரின் முறையீடு

1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்க சோழனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். இந்நூலின் பாட்டுடைத் தலைவன் குலோத்துங்கன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நூலின் கதையோட்டத்தைத் தாங்கி நிற்போர் பேய்களே.

நூலின் பகுதிப் பெயர்களே இதற்குச் சான்று. 'பேய்களைப் பாடியது' என்னும் பகுதி, நெடுநாள் உணவின்றி வயிறு ஒட்டிய பேய்க்கூட்டத்தைக் காட்டுகிறது. அக்கூட்டத்தில் முடப்பேயும் குருட்டுப்பேயும் ஊமைப்பேயும் கூன்பேயும் உள்ளன. 'இந்திர சாலம்' என்னும் பகுதியில், இமயத்திலிருந்து மீண்ட முதுபேய் தான் கற்ற மாயத்தால் நிணமும் குருதியும் நிறைந்த களத்தைத் தோற்றுவிக்கிறது. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளி வெறுங்கையோடு ஏமாறுகின்றன. நகைச்சுவையாக அமைந்த இக்காட்சியின் அடியில் பசியின் துயரம் உள்ளது. சோழர் குல வரலாற்றை உரைப்பதும் அம்முதுபேயே. அரசகுலப் பெருமைக்கு ஒரு பேயின் நினைவாற்றல் சான்றாகிறது.

'பேய் முறைப்பாடு' என்னும் தலைப்பு தனித்து நோக்கத்தக்கது. முறையிடுதல் என்பது குடிகள் அரசனிடம் நீதி கேட்கும் செயலைக் குறிக்கும். பேய்கள் காளியின் குடிகளாக நின்று தம் பசியை முறையிடுகின்றன. பின்னர்க் கலிங்கத்திலிருந்து வரும் ஒரு பேய் போர்ச்செய்தியைக் காளிக்கு உரைக்கிறது. போரை நேரிற் கண்ட சான்றாளராகப் புலவர் நிறுத்துவது அமைச்சரையோ படைத்தலைவரையோ அன்று, களத்தில் உணவு தேடிய ஒரு கூளியை.

இறுதிப் பகுதியான 'களம் பாடியது' பல் விளக்குதல், நீராடுதல், அணிபூணுதல், கூழ் அடுதல் எனக் குடும்ப விருந்தின் ஒழுங்கிலேயே நிகழ்கிறது. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என ஒவ்வொன்றுக்கும் கூழ் வார்க்கப்படுகிறது. மனிதச் சமூகத்தின் பிரிவுகள் பேயுலகிலும் தொடர்கின்றன. எனினும் உடற்குறையுடைய எவரும் அப்பந்தியில் விடுபடவில்லை.

பேய்களை எதிர்ப்புக் குரலின் வடிவமாக மட்டும் கொள்வதற்கும் நூல் இடம் தரவில்லை. உண்டு களித்த பேய்கள் குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. அவற்றின் பசி தீர்ந்தது பல்லாயிரவர் மாண்டதனால். ஆதலால், வெற்றியைப் புகழும் குரலே வெற்றியின் விலையையும் எண்ணிக் காட்டுகிறது. பரணியை அரசப் புகழ்ச்சியாக மட்டும் வாசிக்கும் இலக்கிய வரலாற்று நோக்கு இந்த இரட்டைத் தன்மையைத் தவறவிடுகிறது.

வேதாளம்: காப்பாற்றும் பிணம்

வேதாளக் கதைகள் 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் இடம்பெற்றுள்ளன. வடமொழியில் சிம்சுபா மரத்தில் தொங்கிய வேதாளம் தமிழில் முருங்கை மரம் ஏறியது. வீட்டுக் கொல்லையின் மரம் வேதாளத்தின் இருப்பிடமானதும், அது பழமொழியாக நிலைத்ததும் இக்கதை தமிழ்மண்ணில் வேரூன்றியதைக் காட்டும்.

கதையின் முடிவு இங்கு முதன்மையானது. சூழ்ச்சிக்காரத் துறவி அரசனைப் பலியிடத் திட்டமிடுகிறான். அச்சூழ்ச்சியை வெளிப்படுத்தி, துறவியை வெல்லும் வழியையும் கூறி அரசனைக் காப்பது வேதாளம். புனிதக் கோலம் பூண்டவன் கொலைஞனாகவும், பிணத்தில் உறைவது உற்ற துணையாகவும் வெளிப்படுகின்றன. வீரம் அரசனுடையதாக இருக்க, அறிவு வேதாளத்துடையதாக உள்ளது.

இக்கதைகளின் தமிழ் வடிவத்தைப் பெஞ்சமின் கை பாபிங்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1831இல் வெளியிட்டார். அவர் தமது தலைப்பில் 'வேதாளம்' என்னும் சொல்லையே வைத்துக்கொண்டார். 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் இக்கதைத் தொகுதியைத் தழுவி எழுதியபோது வேதாளத்தை 'வேம்பயர்' ஆக்கினார். பெயர் மாறியபோது, கேள்வி கேட்டு அறம் ஆராயும் உருவம் குருதி குடிப்பதாக மட்டும் சுருங்கியது. புதுமைப்பித்தன் 'வேதாளம் சொன்ன கதை' என்னும் சிறுகதையில் பழைய வேதாளத்தை நவீன அங்கதத்துக்குப் பயன்படுத்தினார். பேசும் வேதாளத்தின் மரபு அவ்வழித் தொடர்ந்தது.

காவலாகும் காட்டேரி

எழுத்திலக்கியம் காட்டும் இருநிலை நாட்டார் வழிபாட்டில் நடைமுறையாக உள்ளது. வல்லத்திராக்கோட்டை முதலிய சிற்றூர்களைக் கொண்ட புதுக்கோட்டை மாவட்டம் ஐயனார் வழிபாடு செழித்த நிலப்பகுதி. இம்மாவட்டத்துக் குளமங்கலத்து ஐயனார் கோயிலின் பெருங்குதிரைச் சிலை பரவலாக அறியப்பட்டது. ஐயனார் குருதிப்பலி ஏற்பதில்லை. அவருடைய பரிவாரமான கருப்பரும் முனியும் பலி ஏற்பர். பலி நிகழும்போது ஐயனார் திருமுன் திரையிடும் வழக்கம் தமிழகத்தின் பல ஊர்களில் உண்டு. குருதி ஏற்கும் தெய்வங்களே ஊர் எல்லையில் நின்று இரவுக்காவல் புரிகின்றன.

கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஊறு செய்வதாக அஞ்சப்பட்ட காட்டேரி, படையல் பெற்றுக் காக்கும் அம்மனாகவும் ஆகிறாள். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்குச் சென்ற தமிழர் தம்முடன் காட்டேரி வழிபாட்டையும் கொண்டுசென்றனர். அங்கு அவ்வழிபாடு இன்றும் நிகழ்கிறது. ஒடுக்கப்பட்டோர் துணையாகக் கொண்டது ஒதுக்கப்பட்ட தெய்வத்தை என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

தமிழ் மரபில் குருதி உண்ணும் பேய் பசியால் வருந்துகிறது, முறையிடுகிறது, வரலாறு உரைக்கிறது, அறம் வினவுகிறது, காவல் நிற்கிறது. அதன் பசிக்கு ஒரு காரணமும் அதைக் கேட்க ஒரு தெய்வமும் இருந்தன. எளிய பேய் கதைத்தலைமை ஏற்கும் புதினங்களைத் தமிழில் எழுதுவோருக்கும் ஆராய்வோருக்கும் முன்மாதிரி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. பரணியின் முடப்பேயும் முருங்கை மரத்து வேதாளமும் அம்மரபின் முன்னோர். கலைச்சொல்லாக்கத்திலும் இக்கவனம் தேவை. 'வேம்பயர்', 'வேதாளம்', 'காட்டேரி', 'கூளி' ஆகியவற்றை ஒரே பொருளில் வழங்காது, ஒவ்வொன்றின் வரலாற்றையும் தனித்தனியே பேணுவது தமிழாய்வின் கடமையாகும்.