காலுறையும் மீன்வலையும்

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் கால் நனைக்காத பழைய மாணவர் நம் சங்கத்தில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். அங்கிருந்து வடக்கே, அடையாறு முகத்துவாரத்தை நோக்கி நடந்தால் வருவது ஊரூர் ஒல்காட் குப்பம். 1882-இல் அடையாறுக்குக் குடிவந்த தியாசபிகல் சொசைட்டியின் நிறுவனர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயரைத் தாங்கிய மீனவர் குடியிருப்பு. அங்கே மணலில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர்களின் கையைக் கவனித்தால், நம் காலில் மாட்டும் சாக்ஸின் பூர்வீகம் விளங்கும். வலைக்கும் சாக்ஸுக்கும் என்ன சார் சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

எகிப்தில் கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுக் கம்பளிக் காலுறைகள் கிடைத்திருக்கின்றன. செருப்பு வார் நுழைவதற்காக முன்பக்கம் இரண்டாகப் பிரிந்தவை. ஒற்றை ஊசியில் நூலைக் கோத்து, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நூல் முழுவதையும் இழுத்துச் செய்தவை. குப்பத்து வலை ஊசியும் அப்படித்தான் கண்ணுக்குள் நுழைந்து வருகிறது. கூடவே ஒரு முடிச்சும் விழும். அவ்வளவுதான் வித்தியாசம்!

இரண்டு ஊசிப் பின்னல் பிறகு வந்தது. வளையத்துக்குள் வளையத்தை இழுத்துவிட்டால் போதும், வேகம் அதிகம். ஆனால் முடிச்சு இல்லாததால் ஓர் இழை அறுந்தால் ஏணி மாதிரி பிரிந்துகொண்டே போகும். வலையில் கிழிசல் அறுந்த இடத்தோடு நிற்கும். அதனால்தான் அதைப் பொத்திப் பொத்திப் பயன்படுத்த முடிகிறது.

1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் எந்திரத்தைக் கண்டுபிடித்தார். கையால் பின்னிப் பிழைக்கிற ஏழைகளின் கதி என்ன ஆகும் என்று சொல்லி எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. லீ பிரான்ஸுக்குப் போனார். எந்திரம் மட்டும் நிற்கவில்லை. 1811-இல் நாட்டிங்ஹாம் பக்கத்தில் கூலி குறைந்து வயிறு காய்ந்த தொழிலாளிகள் காலுறைச் சட்டங்களை அடித்து நொறுக்கினார்கள். மறு வருஷமே, எந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர்களில் கவிஞர் பைரனும் ஒருவர்.

அடுத்த திருப்பம் நைலான். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1935-இல் உருவாக்கிய இந்த இழை, 1940 மே மாதம் பெண்களின் ஸ்டாக்கிங்காக நாடெங்கும் கடைக்கு வந்தது. யுத்தம் வந்ததும் அதே நைலான் பாராசூட்டுக்குப் போனது. யுத்தம் முடிந்த பின் மீன்வலையாக உலகக் கடற்கரைகளுக்குப் பரவி, நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. பருத்தி வலை உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப் போகும். மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, நாள்தோறும் காயப்போட வேண்டும். நைலானுக்கு அந்தத் தொல்லை கிடையாது. மீனவருக்கு அது பெரிய லாபம் என்பதை மறுக்க முடியாது.

நஷ்டம் வேறு வீட்டில் விழுந்தது. நம் மாநிலத்தின் தென்கோடியான குமரிக் கடற்கரையில் கையால் வலை பின்னிச் சம்பாதித்தவர்கள் பெண்கள். வலை பின்னும் எந்திரங்கள் வந்ததும் அந்த வருமானம் கைவிட்டுப் போயிற்று. நாட்டிங்ஹாம் கதைதான், ஊர்தான் வேறு. இன்னொன்றும் உண்டு: இற்றுப் போகாத வலை கடலில் தொலைந்தாலும் சும்மா இருப்பதில்லை, ஆளில்லாமலே மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும்.

ஆனாலும் பாறையில் சிக்கிக் கிழிந்த வலையைப் பொத்துவதற்குக் கைதான் வேண்டும். ஒரு கிழிசல் மாதிரி இன்னொன்று இருக்காது. எந்தக் கண்ணில் ஆரம்பித்து எதில் முடிப்பது என்பது பார்த்துப் பழகிய கைக்குத்தான் தெரியும். குப்பத்தில் ஊசி இன்னும் ஓடுவது அதனால்தான்.

நம்மில் எத்தனையோ பேர் ஃபாக்டரிகளிலும் ஆபீஸ்களிலும் புதிய மெஷின்களைக் கொண்டுவந்து பொருத்தியவர்கள். இந்த மலரைப் படிக்கிற நம் பிள்ளைகளும் நாளைக்கு அதைத்தான் செய்யப்போகிறார்கள். மெஷின் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ராணி கேட்டதாகச் சொல்லும் அந்தக் கேள்வியை, ஆர்டர் போடுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம், இல்லையா?