விமானத்தை ஓட்டுவது யார்?

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் ஏறும் நாம், நம் உயிரை யாரிடம் ஒப்படைக்கிறோம்? முன்னால் அமர்ந்திருக்கும் விமானியிடம் என்றே எல்லாரும் விடை சொல்வோம். ஆனால், விமானம் மேலெழுந்த சில நிமிடங்களிலேயே அதை ஓட்டும் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகு பெரும்பாலான நேரம் விமானி கண்காணிப்பவராகவே இருக்கிறார். இந்த ஏற்பாடு எப்படித் தோன்றியது, இதன் எல்லை எது என்பதை இன்று பார்ப்போம்.

சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதை நாம் சிறு வயதிலேயே கண்டிருக்கிறோம். அதே தத்துவத்தில் இயங்குவது ஜைரோஸ்கோப் என்னும் கருவி. அதனைக் கொண்டு, விமானம் சாய்ந்தால் தானே நிமிர்த்தும் அமைப்பை அமெரிக்கரான எல்மர் ஸ்பெரியும் அவர் மகன் லாரன்ஸும் உருவாக்கினர். 1914ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அருகே ஸேன் ஆற்றின் மேல் லாரன்ஸ் அதனை இயக்கிக் காட்டினார். பறக்கும்போதே அவர் இரு கைகளையும் உயர்த்தினார். உடன் வந்த மெக்கானிக் இறக்கையின் மீது நடந்து சென்றார். விமானம் நிலைகுலையவில்லை. 1947 செப்டம்பரிலோ, அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று நியூஃபவுண்ட்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குத் தானியங்கியாலேயே பறந்தது. புறப்பட்டதும் தரையிறங்கியதும்கூடக் கருவியின் வேலைதான்.

இவை வெறும் வேடிக்கைகள் அல்ல. நீண்ட பயணத்தில் மனிதன் களைத்துப் போகிறான், கருவி களைப்பதில்லை. அடர்ந்த மூடுபனியிலும் இன்று தரையிறங்க முடிகிறது. விமானப் பயணம் முன்னைவிடப் பாதுகாப்பாக இருப்பதற்குத் தானியங்கியும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரவு, நியூயார்க்கிலிருந்து வந்த ஈஸ்டர்ன் நிறுவன விமானம் ஒன்று மயாமியை நெருங்கியது. முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. 2,000 அடி உயரத்தைக் காக்கும் பொறுப்பைத் தானியங்கியிடம் விட்டுவிட்டு, விமானிகள் விளக்கை ஆராய்வதில் மூழ்கினர். எவரும் அறியாமல் உயரத்தைக் காக்கும் இணைப்பு விடுபட்டது. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. எச்சரிக்கை மணி ஒலித்தும் அவர்கள் கவனத்தில் பதியவில்லை. இருண்ட சதுப்பு நிலத்தில் விமானம் மோதி, 101 பேர் மாண்டனர். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பழுதானது பல்பு மட்டுமே!

தானியங்கியை நம்பிக் கவனம் சிதறியதன் விளைவு இது. பயிற்சி குறைந்தால் என்ன நேரும் என்பதை 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் உலகம் கண்டது. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்கு 228 பேருடன் சென்ற ஏர் பிரான்ஸ் விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. வேகம் தெரியாததால் தானியங்கி தானாகவே விலகிக்கொண்டது. நள்ளிரவில், நடுக்கடலுக்கு மேல், விமானம் திடீரென மனிதன் கைக்கு வந்தது. அவர் அதன் மூக்கை மேல்நோக்கி உயர்த்தினார். இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் விசையை இழந்தன. மூக்கைத் தாழ்த்தியிருந்தால் மீள வழி இருந்தது. எச்சரிக்கை பலமுறை ஒலித்தும் விமானிகள் நிலைமையை உணரவில்லை. நான்கரை நிமிடத்துக்குள் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. அத்தகைய உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி அவர்களுக்குத் தரப்படவில்லை என்பதை 2012இல் வெளிவந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

இதிலுள்ள முரண்பாட்டை பிரிட்டிஷ் உளவியலறிஞர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்திருந்தார். எளிய வேலைகளைக் கருவி எடுத்துக்கொள்கிறது. கருவியால் இயலாத கடினமான வேலையை மட்டும் மனிதனிடம் விடுகிறது. அன்றாடம் செய்யாத வேலையை ஆபத்து வேளையில் மட்டும் அவன் திறம்படச் செய்வது எப்படி? கணக்குப் பொறியையே நம்பி வாய்ப்பாட்டை மறந்த மாணவனிடம், பொறி பழுதான நாளில் தேர்வு வைத்தால் என்ன ஆகும்?

அப்படியானால் கணிப்பொறியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. 2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், சிங்கப்பூர் சாங்கியிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் எஞ்சின் ஒன்று பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்துச் சிதறியது. அதில் 469 பேர் இருந்தனர். கணிப்பொறித் திரையில் பழுதுச் செய்திகள் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தன. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி பதறவில்லை. எவை கெட்டுவிட்டன என்பதை விட்டு, எவை இன்னும் வேலை செய்கின்றன என்று கணக்கெடுத்தார். தரையிறங்கும் தூரத்தைக் கணிக்கும் நிரல் முதலில் விடையே தரவில்லை. விமானிகள் விவரங்களைச் சீர்தூக்கி மீண்டும் கொடுத்தனர். ஓடுபாதையில் சுமார் 100 மீட்டர் மிஞ்சும் என்று விடை வந்தது. தரையிறங்கும் முன், விமானம் தம் கைக்கு அடங்குகிறதா என்று வானிலேயே சோதித்தும் பார்த்தனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின் விமானம் சாங்கிக்குத் திரும்பியது. அனைவரும் உயிருடன் இறங்கினர்.

அன்று கணிப்பொறியும் உதவியது. ஆனால், அதனிடம் எதைக் கேட்பது, அது சொன்னதில் எதை ஏற்பது என்று முடிவு செய்தவர்கள் மனிதர்களே. 2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், ஏற்ற வேளைகளில் விமானிகளைக் கையாலும் ஓட்டச் செய்யுமாறு விமான நிறுவனங்களை ஊக்குவித்ததும் இதனால்தான்.

தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது; கற்ற நீச்சலும் பழகாமல் நிலைக்காது. கருவி நமக்குத் துணைவனாக இருக்கட்டும். ஆனால், அது கைவிடும் நாளுக்கு நம் கையும் கருத்தும் ஆயத்தமாக இருக்க வேண்டும். விமானம் ஓட்டுவோருக்கு மட்டுமன்றி, கருவிகளோடு வாழும் நம் எல்லாருக்கும் இது பொருந்தும் அல்லவா?